குவாலியில் மிஞ்சிய எண்ணெய்

அன்புள்ள அக்காமார்களே, தங்கச்சிமார்களே,

சிலியாவ், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ், கெமெஞ்சே என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். லயத்தை விட்டு டாமானுக்குக் குடிபோனவர்களும் கூச்சப்படாமல் படிக்கலாம். எங்கே குடிபோனாலும் துணி அழுக்காகத்தான் செய்கிறது.

போன தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். ஒரு தங்கச்சி கைப்பேசியை நீட்டி, "அக்கா, இதைப் பாருங்க" என்றாள். யாரோ ஓர் அமெரிக்க அம்மா ஒரு கட்டி சோப்பைத் துருவுகிறார். வெண்காரம் ஒரு குவளை, சலவைச் சோடா ஒரு குவளை போட்டுக் கலக்கி ஜாடியில் அடைக்கிறார். இனி வருஷம் முழுக்கச் சவுக்காரத் தூளுக்குக் காசே செலவழிக்க வேண்டாம் என்கிறார். சுற்றியிருந்த நாலைந்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு முறுக்கு வேகும் அவசரத்தில் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் செய்முறையைப் பற்றி. துருவுகிற சோப்பை அந்த அம்மா கடையில்தான் வாங்குகிறார். சோடாவும் வெண்காரமும் கடைதான். மூன்று பொட்டலம் வாங்கி ஒரு ஜாடியில் கொட்டுவதற்குப் பெயர் மிச்சமா? அவர்கள் ஊரில் பல இடங்களில் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரளும். அதைச் சமாளிக்கத்தான் அவர்களுக்குச் சோடாவும் வெண்காரமும் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிய ஒரு காலிப் போத்தல் போதும். பாதி தண்ணீர் ஊற்றி, சுண்டுவிரல் நகமளவு கட்டிச் சவுக்காரம் போட்டுக் குலுக்குங்கள். மேலே நுரையும் கீழே தெளிந்த தண்ணீரும் நின்றால் நல்ல தண்ணீர். நுரையில்லாமல் பால் கலங்கியது போல ஆடை மிதந்தால் உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீரைப் பிடித்து இதே சோதனையைச் செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெண்காரம் நமக்கு வேண்டாத சாமான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கவும் கூடாது.

இன்னொரு வகை வியாபாரமும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். நானும் போனேன். கண்ணாடி போலப் பளபளக்கும் பசை ஒரு டப்பா, உப்பு ஒரு பொட்டலம், வாசனை ஒரு சீசா, ஊதா நிறம் ஒரு சீசா. தண்ணீரில் பசையைக் கரைத்து உப்பைத் தூவத் தூவத் திரவம் கூழ் மாதிரி இறுகியது. மண்டபமே கைதட்டியது. கெட்டியாக இருந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது நம் நம்பிக்கை. அந்தக் கெட்டி, உப்பின் வேலை. அழுக்கை எடுப்பது பசை. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகத்தான் வெளுக்கும். பொட்டலத்துக்கு நான் கொடுத்த காசில் பேரங்காடியில் சலுகை விலைக்கு அதைவிடப் பெரிய டப்பா வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. பசையையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்றால் அங்கே தொழில் நடத்துவது அவர்கள்தான். நாம் வாடிக்கை.

அப்படியானால் வீட்டுச் சவுக்காரமே வேண்டாமா? வேண்டும். அதற்கான சரக்கு உங்கள் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது, பொரித்த பிறகு குவாலியில் மிஞ்சிய எண்ணெய்.

நாம் செம்பனைக் காட்டுக்குள் வாழ்கிறவர்கள். உதிரிப் பழம் பொறுக்கிக் குனிந்த முதுகு எத்தனை பேருக்கு நிமிராமல் போயிருக்கிறது. அந்தப் பழம் ஆலைக்குப் போய், எண்ணெயாகி, அதில் ஒரு பங்கு சவுக்காரமாகி, வண்ணப் பொட்டலத்தில் நம் மளிகைக் கடைக்கே திரும்பி வருகிறது. செம்பனை நம் ஊர் மரம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஆப்பிரிக்க மரம். 1848ல் நாலு கன்றுகள் ஜாவாவின் போகோருக்கு வந்தன. இங்கே வியாபாரத்துக்கென்று 1917ல் சிலாங்கூரில் முதலில் நட்டார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தென்னை, நட்டது செம்பனை. நமக்கு வாய்த்த வேடிக்கை. சன்லைட் சவுக்காரத்தின் வில்லியம் லீவர் 1911ல் பெல்ஜியக் காங்கோவில் செம்பனை நிலம் பிடித்ததும் சவுக்காரக் கொப்பரைக்கு எண்ணெய் வேண்டித்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த மரத்தோடு பிறந்து வளர்ந்த பெண்கள் சவுக்காரத்துக்குக் கடையைத் தேடிப் போனதில்லை. பழம் உதிர்த்த வெறுங்குலையையும் வாழைத் தோலையும் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் வடித்து, அந்தக் காரநீரோடு எண்ணெயைக் காய்ச்சிக் கறுப்புச் சோப்பு செய்வார்கள். இன்றைக்கும் செய்கிறார்கள். குலைச் சாம்பல் எவ்வளவு காரம் என்று நம்மவர்களுக்குத் தெரியும். உரம் என்று மரத்தடியில் அள்ளிப் போட்ட கைகளைக் கேளுங்கள், ஈரம் பட்டால் எரியும் என்பார்கள். மரம் கடல் தாண்டி வந்தது, சாம்பலும் இங்கே கிடைத்தது. அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தை மட்டும் யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

நம் பாட்டிமார்களுக்கும் இது அந்நியமான சங்கதி அல்ல. ஊரில் உவர்மண் எடுத்துத் துணியை ஊறப்போட்டு, வெள்ளாவி வைத்துத்தான் வெளுத்தார்கள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார் தூய வெள்ளைத் துணியைப் பற்றிச் சொல்லும்போது, களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் ஒரு சலவைக்காரப் பெண் துவைத்தது என்கிறார். களர்நிலத்துத் தண்ணீரில் இயற்கையாகவே சோடா கரைந்திருக்கும். துணி வெளுக்க எந்தத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

காரம் என்றால் என்ன என்பதும் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர். அதில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது. குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சவுக்காரம் தேய்த்தால் மஞ்சள் திட்டு ரத்தச் சிவப்பாகுமே, அதுவும் இதேதான். பயந்து மேலும் மேலும் தேய்க்க வேண்டாம். அலசி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிடும், காசில்லாமல்.

இனிச் செய்முறை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டுங்கள். நெத்திலி வாடை, மிளகாய் வாடை இருந்தால் அதே அளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். தண்ணீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே நிற்கும். உப்பும் கசடும் தண்ணீரோடு போய்விடும். மேல் எண்ணெயை மட்டும் எடுத்து நிறுங்கள். குவளை அளவு கூடாது, தராசு வேண்டும். இனிப்புப் பலகாரம் செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன மின்தராசு போதும். பாமாயில் 1 கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 135 கிராம், தண்ணீர் 300 கிராம். சோடா 140 கிராமைத் தாண்டினால் எண்ணெயோடு சேராத சோடா கட்டிக்குள் தங்கிக் கையை அரிக்கும். தேங்காயெண்ணெய் கலந்தால் நுரை கூடும். ஆனால் அதற்குச் சோடா அதிகம் தேவை, 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம். வேறு எண்ணெய் எது கலந்திருக்கிறது என்று தெரியாத எண்ணெயில் கைவைக்காதீர்கள்.

சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, எரிமலை மாதிரி தெறிக்கும். தூவும்போதே தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும், ஆவி மூக்கை அடைக்கும். வெளியே, காற்று வாட்டத்தில் நின்று செய்யுங்கள். கையுறை, கண்ணாடி, நீளக்கைச் சட்டை வேண்டும். ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டை எப்படி மரியாதையோடு கையாண்டீர்களோ அதே மரியாதை இதற்கும். மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காட்டுங்கள். எலுமிச்சை, வினிகர் என்று வைத்தியம் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்ச சோடாவை எக்காரணம் கொண்டும் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். மருந்துப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் மாறிப்போன கதை இல்லாத தோட்டம் ஒன்று உண்டா?

அடைப்பு எடுக்கும் தூள் என்று கடையில் விற்பதும் சோடாதானே என்று வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகளும் வேறு உப்பும் கலந்திருக்கும். காஸ்டிக் சோடா மட்டும்தான் உள்ளே என்று எழுதியிருக்க வேண்டும்.

சோடாத் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் (வெளியிலிருந்து பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே விரலை விடாதீர்கள்) வெதுவெதுப்பான எண்ணெயில் நூல் பிடித்தாற்போல ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். முதலில் மஞ்சளாக, பிறகு வெளிறி, பிறகு மோர்க்குழம்புப் பதம். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் சொட்டின தடம் மேலே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பழைய எண்ணெய் என்றால் சில சமயம் அரைமணியில் வரும், சில சமயம் கை ஓய்ந்து போகும். காலிப் பால் பெட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் வெண்ணெய் மாதிரி வெட்ட வரும், வெட்டும்போதும் கையுறை வேண்டும். காற்றாட அடுக்கி, நாலிலிருந்து ஆறு வாரம் தொடாதீர்கள். அவசரக்காரர்களுக்கு இந்தச் சவுக்காரம் உதவாது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அல்லது கனமான பிளாஸ்டிக் வாளி. அலுமினியம் கூடவே கூடாது. இதை நான் பாடமாகப் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை எங்கள் லயத்து வீட்டின் பின்புறம் கையில் கிடைத்த பானையில் சோடாவைக் கரைத்தேன். சீறிக்கொண்டு பொங்கியது. தண்ணீர் சாம்பல் நிறமானது, பானையின் உட்புறம் கன்னங்கரேலென்று ஆனது. சோடா அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் இந்த மடலை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். பானை யாருடையது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

துவைக்கும்போது கல்லில் தேய்ப்பவர்களுக்குக் கட்டியே போதும். சட்டைக் காலரை நனைத்து, ஒரு தடவை தேய்த்து, பத்து நிமிஷம் சுருட்டி வைத்துவிட்டுப் பிறகு கசக்கினால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை வெளுக்கும். மெஷினில் போடுபவர்கள் கட்டியைத் துருவி, பத்து மடங்கு வெந்நீரில் கரைத்துக் கூழாக்கி ஊற்றுங்கள். துருவலை அப்படியே கொட்டினால் கரையாமல் துணியில் ஒட்டும். சோப்பு எப்போதும் மெஷினுக்குள் கொஞ்சம் படியும். மாதம் ஒருமுறை வெறும் வெந்நீரை ஓட்டிவிடுங்கள். சோப்போடு வினிகரையும் எலுமிச்சையையும் சேர்த்தால் இரட்டை வேலை செய்யும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். புளிப்பு பட்டால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரியும். செய்த வேலையை நாமே அவிழ்த்தது போல. பழத்தோல் மூன்று பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று மூன்று மாதம் ஊறவைக்கும் 'என்சைம்' திரவமும் அப்படித்தான். அது புளிப்புத் தண்ணீர். தரை துடைக்கட்டும், துணி வாளிக்குள் வர வேண்டாம்.

பட்டுக்கும் இந்தச் சவுக்காரம் ஆகாது, காரம் பட்டின் பளபளப்பைக் கெடுக்கும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மருந்து அடிக்கப் போகிறவர்களின் உடுப்பை வீட்டுச் சவுக்காரத்தில் துவைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் எப்படி நோய்ப்பட்டார்கள் என்பதைத் தெனாகானித்தா பெண்கள் அமைப்பு 2002லேயே ஆய்வு செய்து வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. தடையானது ஒரு மருந்துதான், மருந்தடிக்கும் தோம்பில் வேறு மருந்துகள் இருக்கின்றன. அந்த உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல், கையுறை போட்டு முதலில் தண்ணீரில் அலசி, வெந்நீரும் நல்ல கடைத் திரவச் சவுக்காரமும் போட்டுத் தனியாகத் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். மெஷினில் போட்டால் பிறகு ஒருமுறை காலியாக ஓட்டுங்கள். சட்டப்படி பார்த்தால் பாதுகாப்பு உடுப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. அதைத் துவைக்கும் செலவும் வேலையும் உங்கள் வீட்டு வாளிக்கு எப்படி வந்தது என்று அடுத்த காலைப் பெரட்டில் கேளுங்கள்.

சரி, மிச்சம் எவ்வளவு? 1 கிலோ காஸ்டிக் சோடா ஏழு கிலோ எண்ணெய்க்குப் போதும். காய்ந்த பிறகு ஏறக்குறைய ஒன்பது கிலோ சவுக்காரம் நிற்கும். உங்கள் பட்டணத்தில் ஒரு கிலோ சோடா என்ன விலை, ஒன்பது கிலோ சவுக்காரம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு தானாக வரும். ஆனால் இந்தக் கணக்கு எண்ணெய் ஏற்கனவே பொரித்து முடித்ததாக இருந்தால்தான் நிற்கும். 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயைப் புதிதாகப் பிரித்துச் சோப்பு செய்யாதீர்கள். அரசாங்கம் சமையலுக்கு விலை குறைத்துக் கொடுப்பது அது. குடும்பத்துக்குத் தட்டுப்பாடாகக் கிடைக்கிற பொருளும்கூட.

இன்னொன்றும் யோசியுங்கள். இப்போது பொரித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். பயோடீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் உலகமே அதைத் தேடுகிறது. உங்கள் பக்கம் நல்ல விலைக்கு எடுக்கிற ஆள் வந்தால், ஏழு கிலோவை விற்று வரும் காசில் எத்தனை சவுக்காரம் வாங்கலாம் என்று பாருங்கள். விற்பது லாபமாக இருந்தால் விற்றுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோதான் சேரும், அதற்காக வண்டி உள்ளே வராது. அப்படி வராத தோட்டங்கள்தான் நம்மிடம் அதிகம். அங்கெல்லாம் இப்போது அந்த எண்ணெய் கால்வாய்க்குத்தான் போகிறது.

கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது: உங்கள் ஞாயிற்றுக்கிழமை. மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆறு நாள் வெயிலில் நின்றவள், ஏழாவது நாள் எண்ணெய் கிண்டிச் சேமிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டு வீட்டுக்கு ஆளுக்கொரு கிலோ கிண்டினால் அது சேமிப்பே இல்லை, புதிதாக ஒரு வேலை. லயத்துக்கு ஒரு வாளி வையுங்கள். பத்து வீட்டுப் பாமாயில் மட்டும் அதில் சேரட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நிறுக்கத் தெரிந்த ஒருத்தி நிறுக்கட்டும், கிண்டுகிற வேலையை ஆம்பிளைகளிடம் கொடுங்கள். கை வலிக்கிற வேலை அது. எண்ணெய் கொடுத்த அளவுக்குக் கட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாம் கூட்டுச் சேர்வதில் பேர் போனவர்கள். பணக் கூட்டுக்கு 1971லேயே தடைச் சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சவுக்காரக் கூட்டுக்கு இதுவரை தடையில்லை.

கடைத் தூளையே வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கை நிறைய அள்ளிக் கொட்டாதீர்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் போட்டுப் பாருங்கள், அரைமணி ஊறவிடுங்கள். அலசின தண்ணீர் மூன்றாம் தடவையும் நுரைத்தால் போட்டது அதிகம். சின்னப் பாக்கெட்டாக வாரம் ஒன்று வாங்குகிறவர்கள், அதையே கிலோ விலைக்கு மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் மிச்சம் அங்கேயே கிடக்கிறது, அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி வருகிறேன். தராசும் கையுறையும் கொண்டுவருகிறேன். எண்ணெயை வடிகட்டி வையுங்கள். பாத்திரம் மட்டும் எவர்சில்வராக இருக்கட்டும். அந்த அலுமினியப் பானை என் தம்பி மனைவி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் நான் உள்ளே வந்தால் பாத்திரத்தைக் கழுவி அலமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் "வாங்க அண்ணி" என்கிறாள்.

உங்கள் அக்கா,
செரம்பானிலிருந்து